முதல் கத்தியை நீங்களே அடிப்பது: தொடக்கநிலைக் கொல்லுப்பட்டறை வகுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தி அடிக்கும் வகுப்பில் சேரும் முன்பும், உலையடியில் நிற்கும்போதும், செய்த கத்தியோடு வீடு திரும்பிய பிறகும் பலர் கேட்கும் கேள்விகள் இவை. சுத்தியலை எப்படி வீசுவது என்றுதான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஆனால் முதல் கத்தி தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் சூட்டைப் பொறுத்தே இருக்கிறது. அதனால் சூடு பற்றிய பதில்கள் இங்கே நீளமாக இருக்கும்.

முன் அனுபவமே இல்லை. ஒரே நாளில் ஒரு கத்தி செய்துவிட முடியுமா?

முடியும், கத்தி சிறியதாக இருந்தால். அலகு 8 முதல் 10 செ.மீ., பிடி 10 முதல் 11 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 7 அல்லது 8 மணி நேரத்தில் அடித்து, தேய்த்து, தோய்ச்சல் போட்டு (காய்ச்சிய அலகை எண்ணெயில் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கி), பிடிக்கட்டை ஒட்டும் வரை வந்துவிடலாம். இதில் அடிப்பதற்கு மட்டும் இரண்டரை மணி நேரம் போகும். அரம் போடவும் தேய்க்கவும் அதே அளவு நேரம் வேண்டும். ஆனால் டெம்பர் செய்ய, அதாவது கடினமாக்கிய அலகு எளிதில் உடையாதபடி மிதமான சூட்டில் வைத்துப் பக்குவப்படுத்த, முறையாக 4 மணி நேரமும், பிடியை ஒட்டும் எபாக்சி இறுக 24 மணி நேரமும் தேவை. ஒரு நாள் வகுப்புகளில் இந்த இரண்டும்தான் குறுக்கப்படுகின்றன. வாய்ப்பு இருந்தால் இரண்டு நாள் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். பெரிய வேட்டைக் கத்தி, அரிவாள், வாள் ஆகியவற்றை முதல் முயற்சியில் தொட வேண்டாம். நீளம் கூடக் கூட அலகு முழுவதையும் ஒரே சூட்டில் வைத்திருப்பது கடினமாகிக்கொண்டே போகும்.

கையில் நல்ல பலம் வேண்டுமா?

வேண்டியதில்லை. 800 கிராம் முதல் 1 கிலோ வரையுள்ள சுத்தியல் போதும். சுத்தியலை இறுக்கிப் பிடிக்காமல், தோளிலிருந்து உயர்த்தி, அதன் எடையையே விழவிட வேண்டும். கட்டைவிரலைக் கைப்பிடியின் முதுகில் நீட்டி வைத்து அடித்தால் மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும். பட்டடையின் (இரும்பை வைத்து அடிக்கும் மேடையின்) மேற்பரப்பு, நீங்கள் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால் விரல்முட்டி தொடும் உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்வாக இருந்தால் இடுப்பும், உயரமாக இருந்தால் தோளும் நோகும். கை களைத்துவிட்டால் நிறுத்துங்கள். தப்பான அடிகள் பெரும்பாலும் களைத்த கையிலிருந்துதான் விழுகின்றன. அப்படி விழுந்த ஒவ்வோர் அடியின் தழும்பையும் பிறகு அரத்தால் அகற்ற வேண்டியிருக்கும்.

என்ன உடுத்தி வர வேண்டும்?

பருத்தி அல்லது கம்பளி உடை, முழுக்கால் சட்டை, கணுக்காலை மூடும் தோல் செருப்பு. பாலியெஸ்டர், நைலான் கலந்த துணி வேண்டாம். பொறி பட்டால் அவை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கால்சட்டை விளிம்பு செருப்பின் மேலே விழ வேண்டும், உள்ளே செருகக் கூடாது. செருகினால் சூடான இரும்பிலிருந்து உதிர்ந்து விழும் செதில் நேராகக் காலுக்குள் போய்விடும். மோதிரம், சங்கிலி, தொங்கும் துப்பட்டா எதுவும் இருக்கக் கூடாது, முடியைக் கட்டியிருக்க வேண்டும். உலையருகே இருக்கும் நேரம் முழுவதும் பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடி கண்ணிலும், அடிக்கும்போது காதடைப்பான் காதிலும் இருக்கட்டும். சாணைச் சக்கரத்திலோ பெல்ட் கிரைண்டரிலோ தேய்க்கும்போது தூசுக்கான முகமூடியும் வேண்டும். அங்கே கையுறை மட்டும் போடாதீர்கள், சுழலும் எந்திரம் கையுறையோடு சேர்த்து விரலையும் இழுத்துக்கொள்ளும்.

எந்த எஃகு நல்லது?

முதல் கத்திக்கு 1084 என்ற தரமே எங்கள் பரிந்துரை. அதில் கார்பன் சுமார் 0.84 சதவீதம், அதோடு கொஞ்சம் மாங்கனீஸ், வேறு பெரிய கலப்பு இல்லை. தோய்ச்சல் போடும் சூட்டில் நீண்ட நேரம் நிறுத்தி வைக்காமலே கார்பன் கரைந்துவிடும். கண்ணையும் காந்தத்தையும் மட்டும் நம்பி வேலை செய்பவருக்கு இதைவிடப் பொறுமையான எஃகு கிடைப்பது அரிது. 1075, 1080 இரண்டும் ஏறக்குறைய இதே குணம் கொண்டவை. 1095-ல் கார்பன் அதிகம். ஆனால் அதற்கு வேகமாகக் குளிரவைக்கும் எண்ணெயும் துல்லியமான சூடும் வேண்டும். வண்டிகளின் வில் பட்டைகளில் பயன்படும் 5160 நன்றாக அடி தாங்கும், எண்ணெயில் எளிதாகக் கடினமாகும். ஆனால் சுத்தியலுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

துருப்பிடிக்காத எஃகை இந்த வகுப்பில் எதிர்பார்க்காதீர்கள். அதைக் கடினமாக்க 1000 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டை அளந்து, குறிப்பிட்ட நிமிடங்கள் நிலையாக நிறுத்த வேண்டும். அது மின்சூளையின் வேலை, திறந்த உலையில் நடக்காது.

அளவு: 30 மி.மீ. அகலம், 4 முதல் 5 மி.மீ. தடிமன் உள்ள பட்டை. 5 மி.மீ. தடிமனில் 20 செ.மீ. நீளத் துண்டு சுமார் 235 கிராம் இருக்கும், ஒரு சிறிய கத்திக்கு அது தாராளம். ஆனால் துண்டாக வெட்டாமல் 50 செ.மீ. பட்டையின் நுனியில் அடிக்கத் தொடங்குவது புதியவருக்கு நல்லது. பட்டையின் மறுமுனையே கைப்பிடி ஆகிவிடுவதால் குறட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

பழைய வில் பட்டை, அரம், ரயில் ஆணி, கட்டுமானக் கம்பி எதையாவது கொண்டு வரலாமா?

கட்டுமானக் கம்பியும் ரயில் ஆணியும் வேண்டாம். ரயில் ஆணியில் உயர் கார்பன் என்று முத்திரை இருந்தாலும் கார்பன் 0.3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கத்தி வடிவம் வரும், கூர் நிற்காது. பழைய அரம் பொதுவாக நல்ல எஃகுதான், ஆனால் சிலவற்றில் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அரத்தின் பற்களை முழுவதும் தேய்த்து எடுக்காமல் அடித்தால் அவை உள்ளே மடிந்து விரிசலுக்கு வித்தாகிவிடும். வில் பட்டையில் பல ஆண்டு ஓடிய களைப்பால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கலாம். எந்தப் பழைய இரும்பானாலும், அதன் ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டிக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிடிகருவியில் வைத்து உடைத்துப் பாருங்கள். வளைந்தால் அது கத்திக்கு ஆகாது. கண்ணாடிபோல் உடைந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

துத்தநாகம் பூசிய இரும்பை உலைக்குள் வைக்கவே கூடாது. அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும்.

எரிவாயு உலையா, கரி உலையா?

கற்றுக்கொள்ள எரிவாயு உலை எளிது. சூடு சீராக இருக்கும், இரும்பு கண்முன்னாலேயே தெரியும், தீயைப் பராமரிக்கும் வேலை இல்லை. கரி உலையில் வேண்டிய இடத்தை மட்டும் காய்ச்ச முடியும் என்பது பெரிய வசதி. ஆனால் காற்று வரும் வாய்க்கு நேராக அலகைச் செருகினால் சில நொடிகளில் நுனி எரிந்துவிடும். அலகைத் தீயின் நடுவே கிடைமட்டமாக வையுங்கள், மேலேயும் கீழேயும் எரியும் கரி இருக்கட்டும். அடியில் சேரும் கிட்டத்தை, அதாவது உருகி இறுகிய கசடை, அவ்வப்போது எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தீ மந்தமாகும். எந்த உலையானாலும் கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதற்கு மணமும் நிறமும் இல்லை. எதிரெதிரே திறப்புகள் உள்ள இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். தலைவலி வந்தால் உடனே வெளிக்காற்றுக்குப் போங்கள்.

இரும்பு சரியான சூட்டுக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறத்தைப் பார்த்துத்தான். வகுப்பின் முதல் அரை மணி நேரத்தை இதற்கே கொடுத்தாலும் வீண் இல்லை. அரை இருட்டில் பார்க்கும்போது 600 டிகிரி அளவில் கருஞ்சிவப்பு தெரியத் தொடங்கும். 750-ஐ ஒட்டி ரத்தச் சிவப்பு. 900-ல் ஆரஞ்சுக்கு மாறும். 1000 முதல் 1100 வரை பளிச்சென்ற ஆரஞ்சும் மஞ்சளும். இதுதான் அடிக்கும் சூடு, இந்நிலையில் எஃகு களிமண்போல நகரும். நிறம் மங்கிச் சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு உலைக்குத் திரும்புங்கள். கருஞ்சிவப்பில் அடிக்கும் ஒவ்வோர் அடியும் இரும்பை நகர்த்தாமல் அதன் உள்ளே இறுக்கத்தை மட்டும் ஏற்றும். அந்த இறுக்கம் தோய்ச்சலின்போது வளைவாகவோ வெடிப்பாகவோ வெளியே வரும்.

ஒரே சூடு வெயிலில் மங்கலாகவும் நிழலில் பிரகாசமாகவும் தெரியும். அதனால்தான் பட்டறைகளில் உலைப் பக்கம் வெளிச்சம் குறைவாக வைக்கப்படுகிறது. உலைக்குள்ளேயே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கண் கூசி நிறம் தவறாகத் தெரியும். இரும்பை வெளியே எடுத்துப் பார்த்துப் பழகுங்கள்.

பளபளவென்று பொறி பறக்கிறது. நல்லதா?

இல்லை. உலையிலிருந்து எடுக்கும்போதே மத்தாப்புபோல் பொறி சிதறினால் எஃகு எரிகிறது என்று பொருள். 1250 டிகிரியைத் தாண்டியிருப்பீர்கள். எரிந்த பகுதியின் உட்புறம் பொருபொருவென்று ஆகிவிடும், எத்தனை முறை காய்ச்சினாலும் மீளாது. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தில் கொஞ்சம் குட்டையான கத்தி செய்யுங்கள். இது அதிகமும் நடப்பது நுனியில்தான், மெல்லிய இடம் முந்திக் காயும். நுனி கொஞ்சம் அதிகமாகக் காய்ந்துவிட்டது, ஆனால் பொறி வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். உள்ளே மணிகள் (எஃகின் நுண்படிகங்கள்) பெருத்திருக்கும், பின்னால் சொல்லப்போகும் நார்மலைசிங் அதைச் சரிசெய்யும்.

அடிக்கும் வரிசை என்ன?

முதலில் நுனி. பட்டையின் ஒரு மூலையைப் பட்டடையின் விளிம்பில் சாய்த்து அடித்து முனையாக்க வேண்டும். இரண்டாவது, பிடிப் பக்கத்திலிருந்து நுனி வரை தடிமன் சீராகக் குறையும்படி தட்டுவது. பிடிக்கு அருகே 4 மி.மீ. என்றால் நுனியருகே 2 மி.மீ. மூன்றாவது, அலகை வாய்ப் பக்கமாக (கூர் வரும் விளிம்பின் பக்கமாக)க் கொஞ்சம் கீழ்நோக்கி வளைப்பது. நான்காவது, வாயை இருபுறமும் தட்டி மெலிதாக்குவது. கடைசியில் பிடிக்குள் போகும் வால்பகுதி.

புதியவர் ஒருவர் இதை முடிக்க 20 முதல் 30 சூடு ஆகும் (உலையில் ஒருமுறை காய்ச்சி அடிப்பது ஒரு சூடு). அலகு மெலிந்த பிறகு ஒரு சூட்டில் 8 முதல் 10 நொடிதான் அடிக்க நேரம் கிடைக்கும், பட்டடையே சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் உலையிலிருந்து எடுக்கும் முன்பே எங்கே, எத்தனை அடி என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எடுத்த பிறகு யோசித்தால் அந்தச் சூடு வீண். சூட்டோடு சூடாகச் செய் என்று பேச்சில் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும்.

ஒவ்வொரு முறையும் பட்டடை மேல் வைக்கும் முன், கம்பித் தூரிகையால் கருஞ்செதிலைத் தட்டி எடுங்கள். எடுக்காமல் அடித்தால் செதில் எஃகுக்குள் பதிந்து குழிகளாகும். 0.5 மி.மீ. ஆழக் குழியை நீக்க, அலகின் அந்தப் பக்கம் முழுவதையும் 0.5 மி.மீ. தேய்க்க வேண்டிவரும்.

கத்தி ஏன் மேல்நோக்கி வில்லாக வளைந்துகொண்டே போகிறது?

வாயைத் தட்டி மெலிதாக்கும்போது அங்குள்ள எஃகு எங்காவது போக வேண்டும். கொஞ்சம் அகலத்துக்கும் மீதி நீளத்துக்கும் போகிறது. வாய்ப்பக்கம் நீள, முதுகு அப்படியே இருக்க, அலகு முதுகுப் பக்கமாக வளைகிறது. முன்கூட்டியே எதிர்த்திசையில் வளைத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். வாயைத் தட்டத் தட்ட அந்த வளைவு தானாக நிமிர்ந்துவிடும். மறந்துவிட்டீர்கள் என்றால், நன்றாகக் காய்ச்சி, முதுகைப் பட்டடையின் மேல் வைத்து, வாயை மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி நிமிர்த்தலாம். இரும்புச் சுத்தியலால் அடித்தால் வாய் மடங்கும்.

ஒரு பக்கமே தட்டிக்கொண்டிருந்தால் வாய் நடுவிலிருந்து விலகி மறுபக்கம் ஒதுங்கும். இந்தப் பக்கம் ஒரு சூடு, அந்தப் பக்கம் ஒரு சூடு என்று மாற்றி மாற்றி அடியுங்கள்.

நுனியில் மீன் வாய்போல ஒரு பிளவு விழுகிறதே?

மேற்பரப்பு மட்டும் நகர்ந்து நடுப்பகுதி பின்தங்கியதால் வருவது. லேசான அடிகளாலோ குறைந்த சூட்டிலோ நுனியை இழுத்தால் இப்படி ஆகும். இரண்டு உதடுகளும் மேலும் அடிபட்டு ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் வெளியே ஒட்டியதுபோல் தெரியும், உள்ளே ஒட்டியிருக்காது. தோய்ச்சலில் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். பிளவு தெரிந்த உடனே ரம்பத்தாலோ அரத்தாலோ அதன் அடிவரை எடுத்துவிடுங்கள். வராமல் தடுக்க எளிய வழி: பட்டையின் நுனியை முதலிலேயே ரம்பத்தால் சாய்வாக வெட்டிக்கொண்டு தொடங்குவது.

வாலும் அலகும் சேரும் தோள்பகுதியிலும் இதே ஆபத்து உண்டு. பட்டடையின் கூரான விளிம்பில் வைத்துச் செங்குத்தாக இறக்காதீர்கள், உருண்ட விளிம்பில் வைத்து இறக்குங்கள். அங்கே கூர்மையான உள்மூலை இருந்தால் கத்தி பின்னாளில் உடைவது அந்த இடத்தில்தான்.

சுத்தியலால் எவ்வளவு மெலிதாக்கலாம்?

வாய் 2 மி.மீ. ஆனதும் சுத்தியலைக் கீழே வையுங்கள். பிறகு அரத்தாலோ பெல்ட்டாலோ தேய்த்து 1 முதல் 1.5 மி.மீ. வரை கொண்டுவரலாம். தோய்ச்சலுக்கு முன் அதற்குக் கீழே போக வேண்டாம். மெலிந்த வாய் எண்ணெயில் இறங்கும்போது அலைபோல் நெளியும் அல்லது வெடிக்கும். காய்ச்சும்போது மேல்தோலில் உள்ள கார்பன் எரிந்துபோகும் என்பதால், பின்னால் தேய்த்து நீக்கவும் கொஞ்சம் சதை மிச்சம் இருக்க வேண்டும்.

பிடிக்கான துளைகள், முனை வடிவம், விளிம்புகளை மழுக்குவது எல்லாம் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும். கடினமான பிறகு சாதாரணத் துளைக்கருவி இறங்காது. 60 எண் உப்புத்தாள் விட்ட ஆழமான குறுக்குக் கோடுகளும் வெடிப்பின் தொடக்கமாகலாம், குறைந்தது 120 எண் வரை தேய்த்து, கோடுகள் நீளவாக்கில் இருக்கும்படி விடுங்கள்.

நார்மலைசிங் அவசியமா? நேரம் போதவில்லை என்றால் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நேரம் போதாவிட்டால் பிடியின் மெருகைக் குறைத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த சூட்டில் மீண்டும் மீண்டும் காய்ச்சியதால் எஃகின் உள்மணிகள் பெருத்திருக்கும், அடியின் இறுக்கமும் உள்ளே நிற்கும். மூன்று முறை காய்ச்சி ஆறவிட வேண்டும்: முதல் முறை சுமார் 870 டிகிரி, அடுத்து 830, அடுத்து 790. ஒவ்வொரு முறையும் நிறம் முழுவதும் போய்க் கறுத்து, காந்தம் ஒட்டும் வரை, நேராகக் காற்று வீசாத இடத்தில் தொங்கவிட்டு ஆற வையுங்கள். தண்ணீரில் நனைக்கக் கூடாது, குளிர்ந்த பட்டடை மேல் கிடத்தவும் கூடாது. ஒரு பக்கம் முந்தி ஆறினால் வளையும். மூன்றுக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகாது.

இதன் பலனைக் கண்ணால் காண ஒரு சோதனை உண்டு. அதே பட்டையின் இரண்டு துண்டுகளில் ஒன்றை மஞ்சள் சூட்டிலிருந்து நேராகத் தோயுங்கள், இன்னொன்றை மூன்று முறை ஆறவைத்த பிறகு சரியான சூட்டில் தோயுங்கள். இரண்டையும் உடைத்துப் பாருங்கள். முதலாவது கற்கண்டை உடைத்ததுபோல் மினுமினுக்கும். இரண்டாவது மங்கிய சாம்பல் நிறத்தில் பட்டுத்துணிபோல் இருக்கும். இரண்டாவதைப் போன்ற உட்புறம்தான் நல்ல கத்திக்கு வேண்டும். வகுப்பில் இந்தச் சோதனை இல்லாவிட்டால் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

தோய்ச்சல் போடும்போது என்ன நடக்கிறது, எப்படிச் செய்வது?

அதுவரை கத்தி வடிவில் இருக்கும் இரும்பு, கூர் தாங்கும் கத்தியாவது இங்கேதான். எஃகைச் சுமார் 815 டிகிரிக்குக் காய்ச்சும்போது அதன் அணுக்கட்டமைப்பு மாறி, கார்பன் முழுவதும் உள்ளே கரைகிறது. மெதுவாக ஆறினால் கார்பன் பிரிந்து போய் எஃகு மென்மையாகிவிடும். பிரிய நேரம் கொடுக்காமல் சட்டென்று குளிரவைத்தால் கார்பன் சிக்கிக்கொண்டு, கட்டமைப்பு இறுகிக் கடினமாகிறது. 1084-க்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ ஒரு நொடிதான். அதற்குள் சிவப்பு நிறம் முழுவதும் மறைந்திருக்க வேண்டும்.

சூட்டை அறிய: எஃகு 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டும் குணத்தை இழக்கும். உலையருகே ஒரு காந்தத்தைத் தொங்கவிட்டு, சில நொடிகளுக்கு ஒருமுறை அலகைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டாமல் போனது இன்னும் சரியான சூடு அல்ல, அங்கிருந்து நிறம் ஒரு சாயல் கூடும் வரை காய்ச்ச வேண்டும். இருட்டில் கூர்ந்து பார்ப்பவருக்கு இன்னொரு அடையாளமும் தெரியும். கட்டமைப்பு மாறும்போது எஃகு சூட்டை உள்வாங்குவதால் அலகின் மேல் ஒரு நிழல் ஓடும். அந்த நிழல் முதுகு வரை ஏறி முழுவதும் மறைந்து, நிறம் ஒரே சீராகும் வரை பொறுங்கள். நுனி முந்திக் காயாமல் இருக்க அலகை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். எரிவாயு உலைக்குள் ஓர் இரும்புக் குழாயை வைத்து அதற்குள் அலகைக் காய்ச்சினால் சூடு இன்னும் சீராகும்.

எண்ணெய்: கனோலா அல்லது கடலை எண்ணெய் 4 லிட்டர், மூடியுள்ள, உயரமான உலோகப் பாத்திரத்தில். பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது. எண்ணெயை 50 முதல் 60 டிகிரிக்குச் சூடேற்றிக்கொள்ளுங்கள். குளிர்ந்த எண்ணெய்தான் வேகமாகக் குளிரவைக்கும் என்று தோன்றும், ஆனால் அது கெட்டியாக இருப்பதால் அலகைச் சுற்றி நகராமல் ஆவிப் படலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான எண்ணெய் இளகி ஓடி, சூட்டை விரைவாக எடுத்துச் செல்லும். வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெய் வேண்டாம், அதன் புகை நஞ்சு.

உலைக்கும் எண்ணெய்க்கும் இடையே ஓரடி எடுத்து வைக்கும் தூரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எடுத்ததும் தயங்காமல், நுனி கீழே பார்க்கச் செங்குத்தாக, அலகு முழுவதும் ஒரே மூச்சில் இறங்க வேண்டும். உள்ளே வாயும் முதுகும் இருக்கும் திசையில், எதையோ அறுப்பதுபோல் முன்பின்னாக அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு முகம் மற்றதைவிட வேகமாகக் குளிர்ந்து அலகு வளையும். 10 முதல் 15 நொடி அப்படியே வைத்திருங்கள். பயந்து பாதியில் தூக்கினால் சூடான அலகில் ஒட்டிய எண்ணெய் பற்றிக்கொள்ளும். பற்றினால் மீண்டும் முழுவதுமாக உள்ளே தள்ளுங்கள், அல்லது பாத்திரத்தை மூடுங்கள். எண்ணெய்த் தீயில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

தண்ணீரில் தோய்க்கக் கூடாதா?

இந்த எஃகுகளுக்குத் தண்ணீர் மிகவும் வேகம். ‘டிங்’ என்று ஒரு மெல்லிய ஒலி கேட்கும், அலகு வெடித்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். வெடித்த அலகை ஒட்டவைக்க முடியாது.

கடினமாகிவிட்டதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரு நல்ல அரத்தை வாயின் மேல் லேசாக ஓட்டுங்கள். கண்ணாடியில் வழுக்குவதுபோல் சறுக்கினால் கடினமாகியிருக்கிறது. பிடித்து அரித்தால் உடனே மனம் தளர வேண்டாம், கார்பன் இழந்த மேல்தோலை அரித்திருக்கலாம். அந்த இடத்தில் கொஞ்சம் தேய்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் அரித்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: சூடு போதவில்லை, எண்ணெய்க்குப் போகும் வழியில் ஆறிவிட்டது, அல்லது எஃகே தவறு. முதல் இரண்டும் என்றால் ஒருமுறை நார்மலைஸ் செய்துவிட்டு மறுபடி தோய்க்கலாம்.

இந்த நிலையில் அலகு கண்ணாடிக்குச் சமம். கைதவறித் தரையில் விழுந்தால் இரண்டாக உடையக்கூடும்.

வளைந்து வந்தால்?

எண்ணெயிலிருந்து எடுத்த சில நொடிகள், அலகு 200 டிகிரிக்கு மேல் இருக்கும் வரை, தடித்த கையுறையோடு இரண்டு கட்டைகளுக்கு இடையே அழுத்தி நிமிர்த்தலாம். அந்த நேரம் தவறினால் குளிர்ந்த நிலையில் தொடாதீர்கள். டெம்பர் செய்யும்போது ஒரு தடித்த இரும்புப் பட்டையோடு அலகைக் கவ்வியால் இறுக்கி, வளைவின் எதிர்ப்பக்கம் 2 மி.மீ. உலோகத் துண்டு கொடுத்து, வளைவைக் கொஞ்சம் தாண்டி எதிர்த்திசையில் நிற்கும்படி அடுப்புக்குள் வையுங்கள். பெரும்பாலான வளைவுகள் இரண்டு சுற்றில் நிமிர்ந்துவிடும்.

டெம்பர் செய்வது எப்படி?

தோய்த்த ஒரு மணி நேரத்துக்குள், எண்ணெயைத் துடைத்து, 205 டிகிரியில் இரண்டு மணி நேரம். ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம். அப்போது கடினம் ராக்வெல் சி அளவில் 58 முதல் 60-ஐ ஒட்டி நிற்கும். சாதாரண அடுப்பின் திருகு காட்டும் அளவும் உள்ளே இருக்கும் சூடும் 20 டிகிரி வரை வேறுபடலாம். தனி அடுப்பு வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். மணல் நிரப்பிய தட்டில் அலகைப் புதைத்து வைத்தால் ஏற்ற இறக்கம் தணியும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வெளிர் வைக்கோல் நிறம் தெரிந்தால் சரி. கரும்பழுப்பு, ஊதா என்று போனால் சூடு மிஞ்சிவிட்டது, அலகு உடையாது, ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும்.

தேய்க்கும்போது வாயில் நீலம் படர்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?

அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது, கடினம் போய்விட்டது. நீல நிறத்தைத் தேய்த்து மறைத்தாலும் மென்மை அங்கேயே இருக்கும். பாதிக்கப்பட்ட அளவுக்கு வாயைத் தேய்த்து உள்ளே தள்ளுவது, அல்லது மறுபடி தோய்ச்சல் போடுவது, இரண்டே வழிதான். தடுக்க: புதிய பெல்ட், குறைந்த வேகம், வெறும் கை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தண்ணீரில் நனையுங்கள், விரல் தாங்காத சூடு வந்தால் நிறுத்துங்கள். வாய் 0.5 மி.மீ.க்குக் கீழே மெலிந்த பிறகு எந்திரத்தை விட்டுக் கையால் தேய்ப்பதே பாதுகாப்பு.

பிடி போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நன்றாகக் காய்ந்த கடினமான மரம். ஈரமான மரம் பின்னால் சுருங்கி எஃகிலிருந்து விலகும். ஒட்டும் பரப்புகளை 80 எண் தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, பிறகு விரல் படாமல் எபாக்சி பூசுங்கள். கவ்வியை அளவுக்கு மீறி இறுக்கினால் எபாக்சி முழுவதும் வெளியே வழிந்து மூட்டு வறண்டுவிடும். 4 அல்லது 5 மி.மீ. பித்தளை ஊசிகள் இரண்டு போதும். பிடிக்கட்டையின் முன்முகத்தை ஒட்டுவதற்கு முன்பே மெருகேற்றிவிடுங்கள். ஒட்டிய பிறகு அங்கே தேய்த்தால் அலகில் கீறல் விழும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் ஒன்று முக்கியம்: அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் போடுங்கள்.

டமாஸ்கஸ் கத்தி முதல் வகுப்பிலேயே செய்யலாமா?

இப்போது டமாஸ்கஸ் என்று விற்கப்படுவது இரண்டு வகை எஃகுகளை அடுக்கி, 1200 டிகிரிக்கு மேல் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கியது. ஓர் அடுக்கு ஒட்டாவிட்டாலும் முழுக் கத்தியும் பயனற்றுப் போகும். சாதாரணக் கத்தி நான்கைந்து செய்து சூட்டின் நிறம் கண்ணுக்குப் பழகிய பிறகு போங்கள். ஏற்கெனவே ஒட்டிய அடுக்குப் பட்டையை வாங்கி அதில் கத்தி அடிக்கும் வகுப்புகளும் உண்டு. கொஞ்சம் அனுபவம் வந்தபின் அது நல்ல இடைவழி.

சேரும் முன் பயிற்சியாளரிடம் என்ன கேட்கலாம்?

எஃகின் தர எண் என்ன? ஓர் உலைக்கு எத்தனை பேர்? இரண்டு பேருக்கு மேல் என்றால் காத்திருந்தே நாள் போகும். தோய்ச்சலை மாணவர்களே போடுகிறார்களா, அவர் போட்டுக் கொடுக்கிறாரா? டெம்பருக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்? வெடித்துவிட்டால் இன்னொரு பட்டை கிடைக்குமா? தர எண்ணைச் சொல்லத் தெரியாதவரிடம் சேர வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. எஃகின் பெயர் தெரியாமல் அதற்கான சூட்டைச் சொல்ல முடியாது.

தீக்காயம் பட்டால்?

குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். மை, பற்பசை, எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. கொப்புளம் பெரிதாகவோ தோல் வெளுத்தோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். பட்டறைக் காயங்களில் பெரும்பாலானவை சிவந்த இரும்பால் வருவதில்லை, கறுத்த இரும்பால் வருகின்றன. 400 டிகிரியில் இருக்கும் இரும்பு குளிர்ந்ததைப் போலவேதான் தெரியும். கீழே கிடக்கும் எதையும் எடுக்கும் முன் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு அடிக்கிறதா என்று பாருங்கள். குறடு கைதவறி இரும்பு விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள், காலை விலக்கி விழவிடுங்கள்.

கூர் தீட்டுவது, பராமரிப்பது?

ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில், 400 எண் கல்லில் மறுபக்கம் பிசிறு எழும் வரை. பிறகு 1000, பிறகு தோல் பட்டையில் பிசிறைக் களையுங்கள். வாயை ஒரு பித்தளைக் கம்பியில் லேசாக அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் வளைந்து மீண்டு வந்தால் டெம்பர் சரி. வளைந்தே நின்றால் மென்மை அதிகம், சில்லாக உதிர்ந்தால் கடினம் அதிகம். சில்லாக உதிர்ந்த அலகை, சூட்டை 15 டிகிரி கூட்டி இன்னொரு முறை டெம்பர் செய்தால் தேறும்.

1084 துருப்பிடிக்கும். கழுவிய உடனே துடையுங்கள், ஊறப் போடாதீர்கள். நாள்பட அலகில் நீலம் கலந்த சாம்பல் நிறம் படியும், அது துரு அல்ல, செந்துருவைத் தள்ளி நிறுத்தும் படலம், தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தை உறிஞ்சும், பதனிட்ட உப்புகள் அலகில் புள்ளி புள்ளியாகத் துருவை உண்டாக்கும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு திறந்த இடத்தில் வையுங்கள்.